பிர்க்கிக்கு முந்தைய பத்து நாட்கள்

2017 பிப்ரவரியின் மூன்றாவது வாரத்தில் மினியாப்பொலிஸ் நகரத்தின் வெப்பநிலை 60 பாரன்ஹீட்டைத் தாண்டியது. செல்சியஸ் கணக்கில் ஏறத்தாழ 16 டிகிரி. தெருவில் இளைஞர்கள் அரைக்கால் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து உருகிய பனி இரவிலும் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருந்த ஒரு தாளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே உள்ள ஹேவர்ட் என்ற சிற்றூரில் பிப்ரவரிப் பிற்பகுதியின் சராசரி வானிலை அதில் இருந்தது: பகலில் உறைநிலைக்குச் சற்றுக் கீழே, இரவில் அதிலிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி கீழே. அந்தத் தாளை நம்பி, அந்த ஊரில் முடியும் ஒரு பனிச்சறுக்குப் பந்தயத்துக்காக இரண்டு ஆண்டுகள் பயிற்சி செய்து, பணம் கட்டி, அறை எடுத்து, பையும் கட்டி முடித்திருந்தேன். அந்த வாரமே பந்தயம் ரத்தானது.

அமெரிக்கன் பிர்க்கபைனர் என்பது அந்தப் பந்தயத்தின் முழுப்பெயர். இங்குள்ளவர்கள் பிர்க்கி என்றே சொல்வார்கள். மலைச்சரிவில் கீழ்நோக்கிப் பாயும் பனிச்சறுக்கு அன்று இது. காலில் நீண்ட சறுக்குக் கட்டைகளைப் பூட்டி, காட்டுப் பாதையில் ஏற்றமும் இறக்கமுமாக, சொந்தக் கை கால் பலத்தால் தள்ளிக்கொண்டே போகும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங். 1973-இல் டோனி வைஸ் என்பவர் தொடங்கினார். 1206-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போரின்போது நார்வேயின் குழந்தை இளவரசன் ஹாகோனைப் பனிமலைகளின் வழியே தூக்கிச் சென்று காப்பாற்றிய வீரர்களின் பெயரே பந்தயத்துக்கு வைக்கப்பட்டது. கேபிள் என்ற ஊருக்கு அருகில் புறப்பட்டு, ஹேவர்டின் பிரதான வீதியில் முடியும் முதன்மைப் பந்தயம் 50 கிலோமீட்டர். கட்டைகளை இணையாக, முன்னும் பின்னும் நகர்த்திப் போகும் கிளாசிக் முறையில் செல்பவர்களுக்கு இன்னும் சற்று அதிகம். காவிரிப் படுகையில் பிறந்து, முப்பது வயதுவரை பனியைத் திரையில் மட்டுமே பார்த்த எனக்கு அது ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பது வேறு கதை. வரலாற்று வானிலைப் பதிவுகளை இப்படியொரு பந்தயத்துக்கு எப்படிப் படிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் தவறு செய்து நான் கற்றுக்கொண்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு அந்தச் சராசரித் தாள்தான். அமெரிக்க வானிலைத் துறை 'இயல்பு' என்று வெளியிடும் எண் 30 ஆண்டுகளின் சராசரி. பத்தாண்டுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும். நான் அன்று வைத்திருந்தது 1981 முதல் 2010 வரைக்குமானது; இன்று நடப்பில் இருப்பது 1991 முதல் 2020 வரைக்குமானது. அந்த எண்ணில் பிழை எதுவும் இல்லை. ஆனால் பிப்ரவரியில் வடக்கு விஸ்கான்சின் அந்தச் சராசரியில் தங்கும் நாட்கள் மிகக் குறைவு. ஆர்க்டிக் காற்று இறங்கினால் ஒரு முகம், தெற்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று ஏறினால் வேறொரு முகம். ஹேவர்ட் இருக்கும் அதே சாயர் மாவட்டத்தில், கூடரே என்ற சிற்றூரில், 1996 பிப்ரவரி 4 அன்று பதிவான குளிர் 55 பாரன்ஹீட் கழித்தல் (சுழியத்துக்கு 55 டிகிரி கீழே), அதாவது செல்சியஸில் ஏறத்தாழ 48 டிகிரி கழித்தல். விஸ்கான்சின் மாநிலத்தின் பதிவேடுகளில் அதைவிடக் கடுங்குளிர் இல்லை. அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து, 2000 பிப்ரவரியில், மழையும் வெப்பமும் சேர்ந்து பிர்க்கியை ரத்து செய்ய வைத்தன. ஒரே மாவட்டம், ஒரே மாதம். இந்த இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு ஏற்றபடி ஒருவர் உடுத்திக்கொண்டால் இரண்டு நாளிலும் அவதிப்படுவார்.

2017 வசந்தத்தில் நான் ஒரு குறிப்பேடு தொடங்கினேன். சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதினேன். பந்தய நாளை மட்டும் எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. பிர்க்கி பிப்ரவரியின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை நடக்கும். தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2020-இல் அது 22, 2022-இல் 26. ஆகவே ஒற்றைத் தேதியின் பதிவுகளை நாற்பது ஆண்டுகளுக்குத் தேடி அடுக்குவதில் பொருள் இல்லை. பிப்ரவரி 10 முதல் 28 வரை முழுவதையும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளுக்கும் உச்ச வெப்பம், குறைந்த வெப்பம், மழையோ பனியோ விழுந்த அளவு, தரையில் கிடந்த பனியின் ஆழம் ஆகிய நான்கே பத்திகள். வடமேற்கு விஸ்கான்சினுக்கான வானிலை அலுவலகம் மினசோட்டாவின் டுலூத் நகரில் இருக்கிறது. அதன் நாள்வாரிப் பதிவுகள் எவரும் பார்க்கும்படி பொதுவில் கிடக்கின்றன, காசு கேட்பதில்லை.

அந்த வேலையின் நடுவில்தான் எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் ஒன்று கிடைத்தது. என் பயிற்சி நாட்குறிப்பை வானிலை அட்டவணையோடு பொருத்திப் பார்த்தபோது இரண்டும் ஒத்துவரவில்லை. 'வெயில், பனி கூழாகிவிட்டது, கட்டை நகரவில்லை' என்று நான் எழுதியிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அட்டவணை குளிரான உச்சத்தைக் காட்டியது. மறுநாள் திங்கட்கிழமை, நான் அலுவலகத்தில் இருந்தபோது வெளியே நன்றாகக் குளிர்ந்த நாள், அட்டவணையில் வெப்பமாக இருந்தது. ஒருமுறை அல்ல, பலமுறை இப்படி. என் குறிப்பில்தான் தவறு என்று முதலில் நினைத்தேன். பிறகு அட்டவணையின் ஓரத்தில் இருந்த 'பதிவு நேரம்' என்ற பத்தியைக் கவனித்தேன். காலை ஏழு மணி.

அமெரிக்காவில் சிற்றூர்களின் பழைய பதிவுகளில் பெரும்பகுதி தன்னார்வலர்கள் எழுதியவை. 1890-இலிருந்தே அப்படியொரு திட்டம் முறையாக நடந்துவருகிறது. வீட்டுத் தோட்டத்தில் கருவியை வைத்து, நாளுக்கு ஒருமுறை, பல இடங்களில் காலையில், கடந்த 24 மணி நேரத்தின் உச்சத்தையும் தாழ்வையும் குறிப்பார்கள். ஆகவே திங்கட்கிழமை வரிசையில் இருக்கும் உச்ச வெப்பம் உண்மையில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு உரியது. நம் ஊர்ச் செய்திகளில் 'இன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்' என்று தொடங்கி மழை அளவைச் சொல்வார்களே, அதே முறைதான். நேற்று மாலை கொட்டித் தீர்த்த மழை இன்றைய தேதியில் பதிவாகும் என்பதைச் சிறுவயதிலிருந்தே அறிந்த நான், மழைக்குத் தெரிந்ததை வெப்பத்துக்குப் பொருத்திப் பார்க்காமல் ஓர் ஆண்டை வீணாக்கியிருந்தேன். விமான நிலையங்களில் உள்ள தானியங்கிக் கருவிகள் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கிடும். அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவற்றின் பதிவுகள் அவ்வளவு பழமையானவை அல்ல. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலப்பவர்கள் முதலில் பதிவு நேரத்தைப் பார்த்து, தேவையானால் உச்ச வெப்பத்தை ஒரு நாள் பின்னே தள்ளிக்கொள்ள வேண்டும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஒரே ஒரு நாள் வேறுபாட்டுக்கு இவ்வளவு கவலையா என்று கேட்கலாம். பனியைப் பொறுத்தவரை முந்தைய மதியம் உருகியதா இல்லையா என்பதே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. காற்றின் வெப்பநிலை நம் முகத்துக்கும் விரலுக்கும் உரியது. கட்டைக்குக் கீழே இருப்பது பத்து நாட்களின் சேமிப்பு. புதிதாக விழுந்த பனித்துகளுக்குக் கூர்மையான கிளைகள் உண்டு. அது நாள்பட நாள்பட உருண்டையாகும். ஒருமுறை உருகி மறுபடி உறைந்தால் சர்க்கரைப் பரல் போல் ஆகும். பலமுறை உருகி உறைந்தால் கண்ணாடித் துண்டுகளை ஒட்டவைத்தது போன்ற இறுகிய தடமாகும். நான்கு நிலைகளும் ஒரே காலை வெப்பநிலையில், எடுத்துக்காட்டாக 6 டிகிரி கழித்தலில், இருக்க முடியும். நான்குக்கும் மெழுகு வேறு.

நான் கிளாசிக் முறையில் செல்பவன். அந்த முறையில் கட்டையின் நடுப்பகுதியில் பிடிமானத்துக்கென ஒரு மெழுகைத் தடவுவோம். காலை அழுத்தும்போது அது பனியைக் கவ்வ வேண்டும், அழுத்தம் எடுபட்டதும் விட்டுவிட வேண்டும். கடுங்குளிருக்குப் பச்சை, அதற்குமேல் நீலம், உறைநிலையை ஒட்டி ஊதா, ஈரப்பனிக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்தே சொல்லிவிடலாம். உருகி உறைந்த பரல்பனிக்கு இந்தக் கெட்டி மெழுகுகள் எதுவும் நிற்காது. உப்புத்தாள் தேய்ப்பதுபோல் சில கிலோமீட்டரில் தேய்த்து எடுத்துவிடும். அதற்கு க்ளிஸ்டர் என்ற பசைதான் வேண்டும். பலாப்பழப் பால் போலக் கையெல்லாம் ஒட்டும் அதை எவரும் விரும்பித் தொடுவதில்லை.

2020 பந்தயத்தில் நான் செய்த பிழை இங்கேதான். அன்று வெயில் நாள் என்பது முன்பே தெரிந்திருந்தது. காலை வெப்பநிலையைப் பார்த்தேன், அதற்குரிய நிறத்தில் கெட்டி மெழுகைத் தடவினேன், புறப்பட்டேன். தடம் இரவில் இறுகியிருந்தது. வழுக்கிக்கொண்டு போகும் வேகத்தில் முதல் ஒரு மணி நேரம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பாதையின் நடுவே 'டபுள் ஓ' என்று எல்லோரும் அழைக்கும் சாலைச் சந்திப்பு வரும். அதற்கு வெகு முன்பே என் கட்டையில் பிடிமானம் என்று எதுவும் மிஞ்சவில்லை. ஒவ்வோர் ஏற்றத்திலும் கட்டைகளை மீன்முள் போல விரித்து, ஊன்றி ஊன்றி ஏறினேன். நண்பகலுக்குப் பிறகு வெயில் பட்ட பகுதிகள் கூழாகின. அங்கே வழுக்கவும் இல்லை, நிழலில் பிடிக்கவும் இல்லை. முந்தைய நாட்களின் உருகலையும் உறைதலையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தவன், பந்தயக் காலையில் வெப்பமானியை மட்டும் பார்த்தேன். பதற்றம் அப்படித்தான் செய்யும். அதனால் இப்போதெல்லாம் மெழுகு முடிவை வெள்ளிக்கிழமை மாலையே எழுதி, காரணத்தையும் அதன் கீழே ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். காலையில் அந்த முடிவை மாற்ற வேண்டுமானால் அந்தக் காரணத்தை மறுக்கும் இன்னொரு காரணத்தை எழுதியாக வேண்டும்.

அதே நாளில் இன்னொன்றும் புரிந்தது. பத்திரிகைகளும் மெழுகு நிறுவனங்களும் தரும் பரிந்துரைகள் முன்னணி வீரர்களின் நேரத்தை வைத்தவை. அவர்கள் காலையிலேயே கிளம்பி இரண்டு மணி நேரம் சொச்சத்தில் முடித்துவிடுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் பிந்தைய அலையில், அதாவது பின்னால் புறப்படும் குழுக்களில், கிளம்பி, ஐந்து ஆறு மணி நேரம் பாதையில் இருப்போம். அவர்களுக்கு அது குளிர்காலைப் பந்தயம், எங்களுக்கு அது மதியப் பந்தயம். மேலும் பல்லாயிரம் கட்டைகள் தேய்த்துப் பொடியாக்கிய தடத்தில்தான் நாங்கள் போகிறோம். பழைய பதிவுகளைப் பார்க்கும்போது நாள் உச்சத்தையும் தாழ்வையும் மட்டும் பார்க்காமல், கிடைக்கும் இடத்தில் மணிவாரிப் பதிவைத் திறந்து, தான் பாதையில் இருக்கப்போகும் மணிகளை மட்டும் தனியே படிப்பது நல்லது. நான் நள்ளிரவுக் கடுங்குளிரைப் பார்த்துப் பயந்து அதிகம் உடுத்திக்கொண்டு, பிற்பகல் ஒரு மணிக்கு வியர்வையில் நனைந்து, அந்த ஈரமே ஏரிக்காற்றில் குளிரானதை அனுபவித்திருக்கிறேன்.

ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதையின் மிகப்பெரும்பகுதி காட்டுக்குள் போகிறது. மரங்கள் காற்றைத் தடுக்கின்றன; நிழல் பனியைக் காக்கிறது. கடைசி சில கிலோமீட்டரில் திடீரென்று வெட்டவெளியாக, உறைந்த ஹேவர்ட் ஏரி விரியும். ஊர் தெரியும், ஆனால் நெருங்காது. அங்கே காற்றுதான் எல்லாம். வெப்பநிலை 18 டிகிரி கழித்தலாக இருந்து, காற்று மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், வெறும் தோலுக்கு அது 28 டிகிரி கழித்தல் போல உணரப்படும். அந்த நிலையில் மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறையத் தொடங்கலாம். நான் இதைப் பந்தயத்தில் கற்கவில்லை. மினியாப்பொலிஸில் 2019 ஜனவரி 30 அன்று 28 பாரன்ஹீட் கழித்தல், அதாவது செல்சியஸில் 33 கழித்தல், பதிவான அந்தக் குளிர் அலை ஓய்ந்தது. அடுத்த வாரங்களில் 'இப்போது பரவாயில்லை' என்று எண்ணி எங்கள் பகுதி ஏரி ஒன்றின் குறுக்கே பயிற்சிக்குப் போனேன். காற்றுக்கு முதுகைக் காட்டிப் போனபோது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது வலது கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாகி மரத்துப்போயிற்று. அந்த இடம் இன்றும் குளிர்ந்த காற்றில் மற்ற இடங்களுக்கு முன்னால் எரியத் தொடங்குகிறது. அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் காற்றின் வேகத்துக்கும் திசைக்கும் ஒரு பத்தி சேர்ந்தது. பிர்க்கி பாதை பொதுவாக வடகிழக்கிலிருந்து தென்மேற்காக இறங்குகிறது. தெற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ அடிக்கும் காற்று, மிகவும் களைத்த நேரத்தில், வெட்டவெளியில், முகத்தில் வந்து மோதும்.

கடுங்குளிர் நாளுக்கு என் ஏற்பாடுகள் எளியவை. கன்னத்தில் ஒட்டும் துணிப்பட்டை, கழுத்தில் இழுத்து மூக்குவரை ஏற்றக்கூடிய உறை, விரல்கள் ஒன்றுசேர்ந்திருக்கும் கையுறை. இடுப்பில் கட்டும் தண்ணீர்ப் புட்டியில் வெந்நீரை ஊற்றி, மூடி கீழே பார்க்கும்படி வைத்தால் வாய்ப்பகுதி உறைவது தாமதமாகும். பனிக்கட்டி மேலிருந்துதான் பிடிக்கத் தொடங்கும். 20 டிகிரி கழித்தலுக்குக் கீழே பனி மணல் போலாகிவிடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டை வழுக்குவதற்கு அடியில் மெல்லிய நீர்ப்படலம் தேவை. உராய்வின் வெப்பம்தான் அதை உண்டாக்குகிறது. அவ்வளவு குளிரில் அது போதிய அளவு உண்டாவதில்லை. வழக்கமாக ஐந்து மணி நேரத்தில் போகும் தூரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கான உணவையும் மனத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

இனி, கருவி எங்கே இருக்கிறது என்ற கேள்வி. ஹேவர்ட் பள்ளத்தில் இருக்கிறது. புறப்படும் இடமான கேபிள் பக்கம் உயரம் அதிகம். அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் வரும் பாதையின் மிக உயர்ந்த இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 527 மீட்டர். ஹேவர்டுக்கும் அதற்கும் 150 மீட்டருக்கு மேல் வேறுபாடு. சலனமற்ற தெளிந்த இரவில் கனத்த குளிர்காற்று பள்ளங்களில் இறங்கித் தேங்கும். அப்போது உயரமான இடம் பள்ளத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும். மேகமூட்டமும் காற்றும் உள்ள நாளில் இதற்கு நேர்மாறு. பனியாழமும் அப்படியே. ஹேவர்ட் பதிவில் தரை தெரியும் என்று இருக்கும் நாளிலும் கேபிள் பக்கக் காட்டில் போதிய பனி கிடக்கக் கண்டிருக்கிறேன். ஆகவே ஒரே நிலையத்தின் பதிவை வைத்து 50 கிலோமீட்டரைத் தீர்மானிக்கக் கூடாது. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டையாவது பக்கம் பக்கமாக வைத்துப் படிக்க வேண்டும்.

பனியைக் கொல்வது எது என்பதிலும் என் கருத்து மாறியது. முன்பு மதிய வெப்பத்தையே பார்ப்பேன். வெயிலடித்து மதியம் 5 டிகிரிக்குப் போனாலும், காற்று வறண்டிருந்து இரவு உறைநிலைக்குக் கீழே இறங்கினால் பாதை தாக்குப்பிடிக்கும். இரவும் உறையாத ஈரக்காற்று, மழை, குறிப்பாக மூடுபனி, இவைதான் பாதையைத் தின்கின்றன. ஈரக்காற்றிலுள்ள நீராவி பனியின் மேல் நீராகப் படியும்போது வெளிவிடும் வெப்பம் மிகப் பெரியது. ஒரு கிராம் நீராவி படிந்தால் ஏறக்குறைய ஏழு கிராம் பனி உருகும். குறிப்பேட்டில் 'இரவுத் தாழ்வு உறைநிலைக்கு மேல்' என்ற வரிசைகளைச் சிவப்பில் அடிக்கோடிட்டபோதுதான் மோசமான ஆண்டுகள் தாமாகவே கண்ணில் பட்டன. அப்படிப்பட்ட இரவு ஒன்று வந்தால் கவலைப்படுவேன். தொடர்ந்து மூன்று வந்தால் அறையை ரத்து செய்யும் கடைசி நாள் எது என்று பார்ப்பேன்.

பருவகால முன்னறிவிப்பை நம்பலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பசிபிக் கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ குளிர்காலங்கள் இந்தப் பகுதியில் பெரும்பாலும் வெதுவெதுப்பாகவும், அது குளிரும் லா நினா குளிர்காலங்கள் குளிராகவும் இருக்கச் சாய்வு உண்டு. ஆனால் பந்தயம் ரத்தான 2000, 2017 ஆகிய இரண்டுமே லா நினா குளிர்காலங்கள். முழுக் குளிர்காலத்தின் சாய்வைச் சொல்லும் ஒரு குறியீடு குறிப்பிட்ட ஒரு வாரத்தைச் சொல்லாது.

மறுபக்கத்தில் 2023-24 குளிர்காலம் வலுவான எல் நினோவோடு வந்தது. மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய இரு மாநிலங்களிலும் பதிவு தொடங்கியதிலிருந்து மிக வெப்பமான குளிர்காலம் அதுவே. பிப்ரவரி 8 அன்று விஸ்கான்சினின் தெற்கே சுழற்காற்று வீசியது. அந்த மாநிலத்தின் பதிவுகளில் பிப்ரவரியில் சுழற்காற்று வந்தது அதுவே முதல்முறை. காட்டுப் பாதையில் பழுப்பு இலைச்சருகு கிடந்தது. பந்தயத்தை நடத்துபவர்கள் கேபிள் அருகே உள்ள டெலிமார்க் குன்றின் அடியில் செயற்கைப் பனியால் 10 கிலோமீட்டர் வளையம் ஒன்றை உண்டாக்கி, பந்தயத்தை அங்கே நடத்தினார்கள். நான் மூன்று சுற்று வந்தேன். இருபுறமும் பழுப்புத் தரை, நடுவே வெள்ளை நாடா. புறப்பாட்டு வரிசையில் நின்றபோது 2017-இன் நினைவில் தொண்டை அடைத்தது. அந்த வெள்ளை நாடாவுக்காக இரவெல்லாம் கண்விழித்தவர்களை எண்ணி நன்றியும் பொங்கியது.

செயற்கைப் பனியும் வானிலையைச் சார்ந்ததே. பொறியிலிருந்து தெளிக்கும் நீர்த்துளி தரையில் விழுவதற்குள் உறைய வேண்டும். அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண், உறைநிலைக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரியாவது இருக்க வேண்டும். காற்று வறண்டிருந்தால் சாதாரண வெப்பமானி சுழியத்தைக் காட்டும்போதும் பனி செய்யலாம். ஈரமாக இருந்தால் 2 டிகிரி கழித்தலிலும் சிரமம். அதனால் என் குறிப்பேட்டில் இப்போது பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில் பனி செய்யத்தக்க இரவுகள் எத்தனை என்ற எண்ணிக்கையும் இருக்கிறது. காட்டுப்பனி இல்லாத ஆண்டில் பந்தயம் உண்டா இல்லையா என்பதைச் சொல்லக்கூடிய எண் அது ஒன்றுதான் என்பது என் துணிபு. அதே 2024 பிப்ரவரியின் நடுவில் மினியாப்பொலிஸின் தியோடர் வர்த் பூங்காவில் உலகக்கோப்பைப் பந்தயங்கள் நடந்தன. அங்கும் செயற்கைப் பனிதான் அடித்தளம். சில நாட்களுக்கு முன் விழுந்த இயற்கைப் பனி அதன்மேல் போர்த்தியதால் திரையில் பார்த்தவர்களுக்கு முழுக் குளிர்காலம் போலத் தெரிந்தது. அடித்தளம் இருந்த இடத்தில் மட்டுமே அந்தப் பனி உதவியது.

பனியில்லாத ஆண்டு நம் காலத்தின் புதுமை என்று எண்ணுபவர்களும் உண்டு. ஸ்வீடனில் 1922-இல் தொடங்கி மார்ச் முதல் ஞாயிறுகளில் நடக்கும் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் பந்தயம் 1932, 1934, 1990 ஆகிய ஆண்டுகளில் பனியின்மையால் நடக்கவில்லை. ஆனால் இந்தப் பழைய பட்டியலை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் குறிப்பேட்டின் சிவப்புக் கோடுகள் பிற்பகுதிப் பக்கங்களில் நெருங்கி வருகின்றன. இது ஒரு மனிதர் கைப்பட எழுதிய சிறு குறிப்பேடு. அதைக் கொண்டு பெரிய முடிவு சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். ஆனாலும் பக்கங்களைப் புரட்டும்போது அது கண்ணில் படுகிறது, நெஞ்சை உறுத்துகிறது.

இப்போது என் பழக்கம் இது. பந்தயத்துக்குப் பத்து நாட்களுக்கு முன் புதுப் பக்கம் திறக்கிறேன். ஒவ்வொரு நாளும் இரவு உறைந்ததா, மதியம் உருகியதா, எதாவது விழுந்ததா, காற்று எப்பக்கம் என்று நான்கு விடைகள். புதன்கிழமை அந்தப் பக்கத்தைப் பழைய பக்கங்களோடு ஒப்பிட்டு, மிக நெருங்கிய மூன்று ஆண்டுகளை எடுத்து, அந்த ஆண்டுகளில் சனிக்கிழமை என்ன ஆனது என்று பார்க்கிறேன். மூன்றும் ஒன்றுபோல் இருந்தால் ஒரு மெழுகுப் பெட்டி, வேறுபட்டால் இரண்டு. முன்னறிவிப்பைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். வெள்ளிக்கிழமை மாலை ஹேவர்ட் போய்ச் சேர்ந்ததும், பிரதான வீதியில் லாரிகளில் கொண்டுவந்து கொட்டிப் பரப்பியிருக்கும் பனியைத் தாண்டி, ஊருக்கு வெளியே மரநிழலில் தடத்தோரம் உட்கார்ந்து, சமையலறை வெப்பமானி ஒன்றைப் பனிக்குள் ஒரு விரல் ஆழத்துக்குச் செருகுகிறேன். ஒரு கைப்பிடி அள்ளி அழுத்திப் பார்க்கிறேன்: உருண்டையாகிறதா, பொடியாக உதிர்கிறதா, பரலாக நெறிகிறதா. சென்ற முறை அது உதிர்ந்தது. நீலம் என்று எழுதி, அதன் கீழே காரணத்தையும் எழுதி, குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு உறங்கப் போனேன்.